அட்டன்பரோ என்றொரு ஊர்

நாட்டிங்ஹாமிலிருந்து டெர்பி செல்லும் ரயில் பீஸ்டனைத் தாண்டியதும் அடுத்த நிலையம் அட்டன்பரோ என்று அறிவிப்பு வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பழைய தரவுத்தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையாக எட்டு மாதம் அந்தத் தடத்தில் போய்வந்தேன். முதல் நாள் அந்த அறிவிப்பைக் கேட்டதும் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் வயதுக்காரர்களுக்கு அட்டன்பரோ என்றால் 'காந்தி' படம். அக்டோபர் 2ஆம் தேதி தூர்தர்ஷனில் போடும்போது, எழுத்துகள் ஓட ஓட, ரிச்சர்ட் அட்டன்பரோ என்ற பெயரை அப்பா ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தபின் ரிச்சர்டின் தம்பி டேவிட்டின் குரல் பழக்கமானது. கொரில்லாவையும் பறவைகளையும் என் மகளுக்கு அறிமுகம் செய்துவைத்தவர் அவர்தான். ஆளின் பெயராகவே மனதில் பதிந்துவிட்ட ஒன்று, இரண்டு நடைமேடை உள்ள ஒரு சின்ன ரயில் நிலையத்தின் பலகையில் எழுதியிருந்தது.

டிரென்ட் ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஊர். புனித மேரியின் பழைய தேவாலயம் ஒன்று. அதில் 1611இல் ஞானஸ்நானம் பெற்ற ஹென்றி அயர்ட்டன் பின்னாளில் கிராம்வெல்லின் மருமகனாகி, முதலாம் சார்லஸ் மன்னனின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார். ஆற்றோரம் மணலும் சரளையும் தோண்டிய பள்ளங்கள் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. இன்று அது பறவைகளின் காப்பிடம். 1966இல் அதைத் திறந்துவைக்க அழைக்கப்பட்டவர் டேவிட் அட்டன்பரோ. ஊரின் பெயரைச் சுமந்த ஒருவர் ஊருக்கு விருந்தாளியாக வந்து நாடாவை வெட்டியிருக்கிறார்.

இதில் விசித்திரம் ஒன்றுமில்லை என்று பிறகு புரிந்தது. எங்கள் தெருவில் ஒருவரை மன்னார்குடியார் என்போம். மன்னார்குடிக்குப் போய் மன்னார்குடியார் வீடு எது என்று கேட்டால் சிரிப்பார்கள். அங்கே எல்லாரும் மன்னார்குடியார்தானே. ஊர்ப்பெயர் ஆளின்மேல் ஒட்டுவது அந்த ஆள் ஊரைவிட்டுப் போன பிறகுதான். இங்கிலாந்திலும் இதே கதை. ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஆங்கிலேயர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால், பக்கத்து ஊருக்கோ பக்கத்து மாவட்டத்துக்கோ பிழைக்கப் போன ஒரு மூதாதை இருக்கிறார். மண்ணின் மைந்தர் என்று மார்தட்டுகிறவர்களின் பெயரே பல சமயம் வந்தேறியின் பெயர். இதை இங்குள்ள நண்பர்களிடம் சொன்னால் சிலர் ரசிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஊர்ப்பெயரின் பொருள் எளிது. அட்டா அல்லது எட்டி என்ற ஒரு பழைய ஆங்கிலேயனின் 'புர்ஹ்', அதாவது அரண் சூழ்ந்த இருப்பிடம். இந்தப் 'புர்ஹ்'தான் பிற்காலத்தில் பரோ என்றும் பரி என்றும் திரிந்து இங்கிலாந்து முழுவதும் கிடக்கிறது. நம்முடைய 'புர'த்தோடு இதை முடிச்சுப் போடக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஒலி ஒற்றுமை மட்டுமே, இரண்டின் வேரும் வேறு. வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு செய்தி நஷ்டம்.

குடும்பப் பெயரின் பொருளில்தான் ஒரு வழக்கு இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தருகே' என்று பொருள். ஆஷ் மரத்தருகே குடியிருந்தவர் 'அட்டன் ஆஷ்'. அதன் தலை தேய்ந்து 'நாஷ்' ஆயிற்று. ஓக் மரங்களருகே இருந்தவர் இப்படியே 'நோக்ஸ்' ஆனார். இந்தக் கணக்கில் 'அட்டன் பரோ' என்பது அரணருகே வசித்தவர் என்றாகும் என்று பழைய பெயரகராதிகள் சில கொண்டன. அப்படியானால் அரண் இருந்த எந்த ஊரிலும் இந்தப் பெயர் தனித்தனியாக முளைத்திருக்கலாம். நாட்டிங்ஹாம்ஷயர் கிராமத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். முளைத்தது ஓரிடமா பல இடமா? பல நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்ல யாரும் மிச்சமில்லை என்றுதான் தோன்றும்.

ஒரு சாட்சி, பெயர் பரவியிருக்கும் விதம். இங்கிலாந்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் நார்மானியர் வந்தபின் பரம்பரைப் பெயர்களைப் பிடித்துக்கொண்டன. சாதாரண மக்களிடம் அது மெல்ல மெல்ல வந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பதிவேடுகளில் பார்த்தால் மகன் அப்பாவின் அடைபெயரையே கொண்டிருப்பது பரவலாகிவிட்டிருக்கிறது. வரி வசூலிக்கிறவனுக்குப் பத்து ஜான்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தச்சன் ஜான், குட்டை ஜான், இன்ன ஊர் ஜான் என்று எழுதினான். எழுதியது உறைந்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த வரைபடங்களில் அட்டன்பரோக்கள் அடர்ந்திருப்பது நாட்டிங்ஹாம்ஷயரிலும் அதை ஒட்டிய டெர்பிஷயரிலும். உறைந்து ஐந்நூறு ஆண்டு ஆகியும் பெயர் தன் ஆற்றைவிட்டு அதிக தூரம் போகவில்லை. இன்றும் பிரிட்டனில் ஸ்மித்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்க, அட்டன்பரோக்கள் எல்லாரையும் சேர்த்தாலும் சில ஆயிரத்தைத் தாண்டாது.

என் பெயர் உறைந்தது சென்னையில், விசா விண்ணப்பத்தில். கடைசிப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. எங்கள் வீட்டில் தாத்தாவே அதைக் கைவிட்டுவிட்டார். மிச்சமிருந்தது அப்பாவின் பெயர். கோவிந்தராஜன் என்று எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் மருத்துவமனையிலும் 'மிஸ்டர் கோவிந்தராஜன்' என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். மகள் பிறந்தபோது நம் வழக்கப்படி அவள் பெயருக்குப் பின் என் பெயரைப் போட்டேன். மனைவிக்கு அவளுடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்.

அதன் விலை மகளுக்கு ஒன்பது வயதானபோது தெரிந்தது. ஊரில் அம்மாவைப் பார்த்துவிட்டு நானும் அவளும் மட்டும் திரும்பினோம். விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து அவளிடம், "இவர் யார்?" என்று கேட்டார். குழந்தை கடத்தலைத் தடுக்க இருக்கும் விதி, அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் என் மகள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்விக்கு ஏதோ சரியான பதில் இருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்பதுபோல் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பெயர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ரயிலில் தினமும் கேட்ட பெயரிலிருந்தே தொடங்கினேன்.

விக்டோரியா காலத்து லண்டனில் அட்டன்பரோ என்றால் அடகுக் கடை. அந்தப் பெயரில் நகரில் பல அடகுக் கடைகள். கைமுடை வந்த கனவான்கள் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடம். ஃப்ளீட் வீதியும் சான்சரி லேனும் சந்திக்கும் முனையில் அட்டன்பரோ நகைக்கடையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் முகப்பு மாடத்தில் பைரனின் 'லாரா' காவியத்துப் பாத்திரமான காலெட்டின் சிலை. ஆண் வேடமிட்ட பெண் அது. எனக்கு மிகப் பிடித்த சிலை. ஆனால் இவர்கள் கதையை இங்கேயே விட்டுவிட்டு ரிச்சர்ட், டேவிட்டின் தகப்பனாரிடம் போவோம்.

ஃபிரெடெரிக் லெவை அட்டன்பரோ 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டில் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் அட்டன்பரோ கிராமத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் மூன்று மைல்கூட இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்து, கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரிக்குப் போய், பழைய ஆங்கிலத்தில் புலமை பெற்றார். 1922இல் அவர் பதிப்பித்து மொழிபெயர்த்த நூல், ஆதி ஆங்கில மன்னர்களின் சட்டங்கள். கால்விரலுக்கு இவ்வளவு, நகத்துக்கு இவ்வளவு என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் நஷ்டஈடு நிர்ணயித்த கென்ட் மன்னனின் சட்டம் அதில் இருக்கிறது. வெசெக்ஸ் மன்னன் ஐனியின் சட்டங்களும் இருக்கின்றன. மன்னனின் 'புர்ஹு'க்குள் அத்துமீறி நுழைந்தால் 120 ஷில்லிங் அபராதம், அவனுக்குக் கீழே உள்ளவர்களின் 'புர்ஹு'க்குத் தகுதிக்கேற்பக் குறைவு. தன் பெயரின் பின்பாதியாக நிற்கும் சொல்லை அவர் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைய சட்டத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பதுண்டு. புலவர்கள் இதற்கெல்லாம் புன்னகைப்பார்களா தெரியாது.

1932இல் அவர் லெஸ்டரின் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு முதல்வரானார். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக, ஒரு பழைய மனநோய்க் காப்பகக் கட்டடத்தில், சொற்ப மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி. 1951 வரை அதை இழுத்துப் பிடித்து வளர்த்தார். 1957இல் அது பல்கலைக்கழகமாயிற்று. வளாகத்தில் பதினெட்டு மாடிக் கோபுரம் ஒன்று அவர் பெயரில் நிற்கிறது.

1939இல் அந்த வீட்டுக்கு பெர்லினிலிருந்து இரண்டு யூதச் சிறுமிகள் வந்து சேர்ந்தார்கள். ஐரீன், ஹெல்கா. அமெரிக்காவில் இருந்த உறவினரிடம் போகும் வழியில் சில நாள் தங்க வந்தவர்கள். அதற்குள் போர் மூண்டது. ஃபிரெடெரிக்கும் மனைவி மேரியும் தங்கள் மூன்று பையன்களையும் உட்காரவைத்துப் பேசி, இவர்கள் இனி நம் வீட்டுப் பிள்ளைகள் என்று முடிவெடுத்தார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு அந்தப் பெண்கள் அங்கே சகோதரிகளாக வளர்ந்தார்கள். அவர்களுடைய தகப்பனார் பெர்லினில் மருத்துவர். ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். போர் முடிந்தபின் சகோதரிகள் அமெரிக்கா போனார்கள். ஊடகப் புகழ் பெற்ற இரண்டு மகன்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அந்த வீட்டைப் பற்றி எனக்கு முதலில் நினைவு வருவது இந்த இரண்டு பெண்கள்தான்.

அதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984 செப்டம்பரில் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடித்தார். கொலை வழக்குகளுக்காகப் பெயர் பெற்ற முறை. ஆனால் அது முதன்முதலில் பயன்பட்டது 1985இல், ஒரு குடிவரவுத் தகராறில். கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவனை, அவன் அந்தத் தாயின் மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். காகிதங்களை அவர்கள் நம்பவில்லை. தகப்பனின் ரத்தம் கிடைக்கவில்லை. ஜெஃப்ரீஸ் தாயின் ரத்தத்தையும் அவளுடைய மற்றப் பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்து, பிள்ளைகளிடம் இருந்து தாயிடம் இல்லாத கோடுகளைக் கொண்டு, இல்லாத தகப்பனையே மறுபடி கட்டி எழுப்பினார். பையன் அவள் மகன்தான். வழக்கு கைவிடப்பட்டது. "இவர் யார்?" என்று ஒரு குழந்தையைக் கேட்பதற்கு இன்னொரு வழி இது. விமான நிலையத்தில் நின்ற நாளுக்குப் பிறகு இதைப் படித்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

அட்டன்பரோ வழக்கின் இரண்டாவது சாட்சியும் இங்கேதான் கிடைத்தது. குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே. இரண்டும் ஒரே தடத்தில் ஓடுகின்றனவா என்று லெஸ்டரின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் பார்த்தார்கள். 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். 2009இல் வெளியான முடிவு: ஸ்மித் போன்ற பெயர் கொண்ட இருவருக்குள் இருக்கும் உறவு, தெருவில் போகும் எவரோ இருவருக்குள் இருப்பதைவிட அதிகமில்லை. கொல்லன் இல்லாத ஊர் எது? அரிய பெயர்களில் கதை வேறு. அட்டன்பரோ, ஸ்விண்டில்ஹர்ஸ்ட் போன்ற பெயர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஒரே ஒய் குரோமோசோமை, அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்றை, கொண்டிருந்தார்கள். பெரும்பாலான அட்டன்பரோக்கள் ஒரே ஆணின் வழி வந்தவர்கள். அரணருகே வசித்த யாரோ பலர் என்பதைவிட, டிரென்ட் கரைக் கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒருவன் என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்று ஒரே வம்சம் மிஞ்சியிருப்பதால் அன்று ஒரே ஆள்தான் கிளம்பினான் என்று சொல்லிவிட முடியாது. நான்கு பேர் கிளம்பி மூன்று பேரின் வழி அற்றுப்போயிருக்கலாம். பிரபுக் குடும்பப் பெயர்கள் ஏன் அழிந்துகொண்டே போகின்றன என்று ஃபிரான்சிஸ் கால்டன் கேட்ட கேள்விக்கு ஹென்றி வாட்சன் என்ற கணித வல்லுநர் விடை தேடினார். 1874இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து ஒரு கணிதத் துறையே வளர்ந்தது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிரலாக எழுதி ஓட்டிப் பார்த்தேன். நூறு ஆண்கள், ஆளுக்கு ஒரு பெயர். சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன், ஆனால் சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒன்றுமில்லை. கொள்ளைநோய் வேண்டாம், போர் வேண்டாம், வெறும் தற்செயல் போதும். முதல் தலைமுறையிலேயே சுமார் 37 பெயர்கள் போய்விடுகின்றன. இருபது தலைமுறையில், அதாவது தலைவரிக் காலத்திலிருந்து நம் காலம் வருவதற்குள், நூறில் எட்டோ ஒன்பதோதான் தப்புகின்றன. தப்பியவை தடித்துக் கிளைத்திருக்கின்றன. அழிந்த பெயர்களின் ஆட்கள் பிள்ளையில்லாமல் போனவர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்குப் பெண்கள் பிறந்தார்கள், அவ்வளவுதான். இந்தக் கணக்கு முழுவதிலும் மகள் என்றால் பூஜ்யம். திரையில் அந்தப் பூஜ்யங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது என் ஒரே மகள் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மீதி முப்பது விழுக்காட்டினர்? கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர்கள், தத்து எடுக்கப்பட்டவர்கள், அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டவர்கள், சொத்துக்காக மாமன் பெயரை ஏற்றவர்கள் என்று இருபது தலைமுறையில் எவ்வளவோ நடந்திருக்கும். பத்தில் ஒரு பிள்ளை வேறு தகப்பனுடையது என்று மதுக்கடைப் பேச்சில் சொல்வார்கள். அந்த ஆய்வு அப்படியில்லை, இருபத்தைந்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. இருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சிறு கசிவு சேர்ந்துகொண்டே போகும். அரசர்களுக்கே விலக்கில்லை. லெஸ்டரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012இல் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. அதே டூரி கிங் சோதித்தார். தாய்வழி டிஎன்ஏ பொருந்தியது. தந்தைவழிச் சொந்தங்கள் என்று ஆவணங்கள் சொன்ன ஐவரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் யாரோ ஒருவர் மகன் என்று எழுதப்பட்டிருக்கிறார். மகனாகவே வளர்ந்து மகனாகவே செத்தும் இருக்கிறார்.

சோதனைக்குழாயில் அந்த முப்பது விழுக்காட்டினர் அட்டன்பரோக்கள் இல்லை. தேவாலயப் பதிவேட்டிலும், கல்லறைக் கல்லிலும், தபால்காரரிடமும் அவர்கள் அட்டன்பரோக்கள்தான். ஐரீனும் ஹெல்காவும் எதிலும் வரமாட்டார்கள்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளை அட்டன்பரோவுக்குக் கூட்டிப்போனேன். ஏரிகளைச் சுற்றி நடந்தோம். வாத்துகளுக்குப் போடக் கொண்டுபோன ரொட்டியை, அது வாத்துக்கு ஆகாது என்று அவள் போடவிடவில்லை. திரும்பும்போது நிலையப் பலகையின் கீழ் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். அந்தப் பயணத்தில் அவளிடம் சொன்னேன்: பெயரை மாற்றி எழுதித்தரும் டீட் போல் பத்திரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், உன் கடைசிப் பெயரையும் கோவிந்தராஜன் என்று ஆக்கிவிடலாம், எனக்கும் உனக்கும் ஒரே பெயர் ஆகிவிடும், விமான நிலையத்தில் தொல்லை இருக்காது. அவள் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அப்போ உங்க பேரு எங்கப்பா போகும்?"

"என் பேரு எங்கிட்டதானே இருக்கும்."

"எங்கிட்ட இருக்காதே."

பீஸ்டன் வந்துவிட்டது. கூட்டம் ஏறியது, பேச்சு நின்றது. மனைவியிடம் சொன்னபோது, அப்படியே இருக்கட்டும், பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாள். இப்போது ஒவ்வொரு பயணத்திலும் எடுத்துப் போகிறோம். அதன் மடிப்புகள் கிழிய ஆரம்பித்துவிட்டன. டீட் போல் பத்திரம் கையெழுத்தில்லாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வருகிற மார்ச்சில் அவளுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு இந்த நாட்டுச் சட்டப்படி எங்கள் சம்மதம் வேண்டாம், அவளே கையெழுத்துப் போடலாம்.